டேங்கரை நிறுத்தச் சொன்னவள்

ரேவின் ஹோஸ்கினுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. மாடுகள் உண்டு. நியூசிலாந்தின் தரனாக்கி மலையைச் சுற்றி இப்படிப் பிழைக்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர். நிலம் ஒருவருடையது, மாடு இன்னொருவருடையது, பால் காசு பாதிக்குப் பாதி. ஒப்பந்தம் முடிந்தால் ஜூன் முதல் தேதி மாடு, நாய், சலவை இயந்திரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

பதினேழு வயதில் அடுத்தவர் கொட்டகையில் பால் கறக்கப் போனவள் அவள். கூட இருந்த பெண்கள் சம்பளம் வாங்கித் துணிமணி எடுத்தபோது இவள் சம்பளத்துக்குப் பதிலாகக் கன்றுக்குட்டி கேட்டு வாங்கினாள். தன்னிடம் எட்டுக் கிடேரிகள் இருந்ததால்தான் அவள் தன்னைக் கட்டிக்கொண்டாள் என்று புருஷன் நெவில் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்வான். அவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அந்தக் கன்றுகளும் கிடேரிகளும் பெருகித்தான் முந்நூற்றுச் சொச்சம் மாடுகளாயின. எது எதனுடைய மகள், எதனுடைய பேத்தி என்று அவளுக்கு மனப்பாடம். வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த மாடு ஒன்றுகூட அதில் இல்லை.

கடைசியாக அவர்கள் இருந்தது ரஸ்ஸல் என்பவரின் பண்ணையில். ரஸ்ஸல் வயதாகிக் கடற்கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன்தான், காசு நேரத்துக்கு வந்தால். ஒப்பந்தம் அடுத்த மே மாதத்தோடு முடிகிறது, புதுப்பித்தாக வேண்டும். ரேவினுக்கு ஐம்பத்தாறு வயது, நெவிலுக்கு அறுபது, அவன் இடுப்பு எலும்பு வேறு தேய்ந்துபோயிருந்தது. இங்கே இல்லையென்றால் இந்த வயதில் வேறு யார் இடம் கொடுப்பார்கள்? இடம் இல்லையென்றால் மாடுகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? விற்றுவிட வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் இது தெரியும். வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

நெவிலின் இடுப்புதான் ஒரு மென்பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அவன் மாடுகளைப் பிரித்து விடுகிற வேலையைச் செய்ய முடியாமல் போனபோது, பக்கத்துப் பண்ணைக்காரர் மகன் பெவன் ஒருநாள் கொட்டகைக்கு வந்தான். ஆக்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தான். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஒரு பட்டை, வாசலில் தானே திறந்து மூடும் கதவு, சமையலறையில் ஒரு திரை. மருந்து கொடுத்த மாட்டின் எண்ணைப் போனில் போட்டுவிட்டால் போதும், அது வரும்போது கதவே அதைத் தனியே ஒதுக்கிவிடும்.

மடிநோய்க்கு மருந்து ஏற்றின மாட்டின் பால் சில நாளைக்குத் தொட்டிக்குப் போகக் கூடாது. எங்களுக்கு இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. அந்த மாட்டின் பின்னங்காலில் சிவப்புப் பட்டி கட்டிவிடுவோம். மாடுகள் மேலே நிற்க, கீழே குழிக்குள் நின்று கறக்கிறவருக்கு மாட்டின் முகம் தெரியாது, பின்னங்காலும் மடியும்தான் தெரியும். சிவப்பைக் கண்டால் அந்தப் பாலைத் தனி வாளிக்குத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"அப்ப காலுக்குக் கட்டற பட்டி?" என்று ரேவின் கேட்டாள்.

"அது எதுக்கு ஆன்ட்டி இனிமே? ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு கட்டி, குனிஞ்சு அவுத்துன்னு... அதையும் கட்டிட்டு இதையும் வெச்சுக்கிட்டா, அப்புறம் இதுக்கு எதுக்குக் காசு குடுக்கறீங்க? தூக்கிப் போடுங்க."

அவள் குழிக்குள் நின்று கறந்துகொண்டிருந்தாள். பெவன் மேலிருந்து திரையை நீட்டினான்.

"இங்க 'ஒத்துக்கறேன்'னு ஒரு அமுக்கு அமுக்குங்க. அப்பதான் ஓட ஆரம்பிக்கும்."

"கண்ணு இருக்கா இல்லையா உனக்கு? கை முழுக்கச் சாணி. நீயே அமுக்குடா."

"நிறையப் பக்கம் இருக்கு ஆன்ட்டி. படிச்சுட்டு..."

"இவளுங்க காம்ப நீட்டிக்கிட்டு நிக்கறாளுங்க, நான் படிச்சுட்டு இருக்கவா? அமுக்குடா டேய்!"

பெவன் அமுக்கினான். அந்தப் பக்கங்களை அவளும் படிக்கவில்லை, விற்ற அவனும் படித்ததில்லை. எழுதினவன் ஒருவன்தான் படித்திருப்பான்.

நெவில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தான். "வீட்டோட வந்து உக்காந்திருக்கான், மாசாமாசம் காசு கேக்கறான், அடிக்கடி தூங்கிப் போயிடறான். வேற என்னன்னு கூப்பிடறது?" என்பான். காலையில் எழுந்ததும், "என்ன, மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?" என்று திரையைத் தட்டுவான். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, ஒரு பருவம் முழுக்க மாப்பிள்ளை ஒழுங்காகத்தான் வேலை செய்தான். சிவப்புப் பட்டிகள் ஒரு வாளியில் கிடந்து எலி கடித்துப் போயின.

அடுத்த அக்டோபரில், பால் பெருகி ஓடுகிற நாளில், மென்பொருள் ஒரு சாயங்காலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை கறவை முடிந்து, டேங்கர் வந்து பாலை உறிஞ்சிக்கொண்டு போன பிறகு, கொட்டகையைக் கழுவிவிட்டு வெளியே வந்த ரேவின் அப்படியே நின்றாள். முந்தாநாள் தன் கையாலேயே மருந்து ஏற்றிய கறுப்புக் கிடேரி, நோய்ப்பட்ட மாடுகளின் வேலிக்குள் இல்லாமல் மற்ற மாடுகளோடு சேர்ந்து புல் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கும் மருந்து கொடுத்திருந்தாள்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். மருந்து கொடுத்த மாடுகள்: எதுவுமில்லை. அவள் பதிந்து வைத்த அத்தனை எண்களும் துடைத்து விட்டாற்போலப் போயிருந்தன.

"இரு, ஒரு நிமிஷம் இரு," என்றான் நெவில். "பெவன்கிட்ட மொதல்ல கேப்போம். என்ன ஏதுன்னு தெரியாம..."

"டேங்கர் இந்நேரம் அடுத்த வீட்டுப் பால ஏத்திட்டிருக்கும் நெவில்! இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

பால் தொழிற்சாலைக்குப் போன் போட்டாள்.

"ஹோஸ்கின் பேசறேன், ரஸ்ஸல் பண்ணைலேர்ந்து. எங்க பால்ல மருந்து கலந்துடுச்சு. டேங்கர நிறுத்துங்க. எங்கயும் இறக்க விடாதீங்க."

"எப்படிம்மா ஆச்சு?"

"எப்படியோ ஆச்சு. என் கொட்டகை, என் மாடு, என் தப்பு. மொதல்ல வண்டிய நிறுத்துங்கய்யா!"

எங்கள் பக்கத்தில் இப்படித்தான் பேசுவார்கள். உங்கள் காளை வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்தில் புகுந்தால், வேலியைக் கட்டினது யார், கம்பி வாங்கினது எந்தக் கடை என்றெல்லாம் நின்று ஆராய மாட்டோம். 'என் தப்பு' என்று சொல்லிக்கொண்டே போய்க் காளையைப் பிடிப்போம். அது ஒரு மரியாதை, சட்டம் அல்ல. கெட்ட பாலென்று தெரிந்தும் டேங்கரைப் போகவிட்டவன் என்று பேர் வாங்கினவன் இந்த ஊரில் அப்புறம் ரக்பி கிளப்பில் நிம்மதியாக ஒரு பீர் குடிக்க முடியாது.

டேங்கர் வழியிலேயே நின்றது. அதில் இருந்த ஐந்து பண்ணைப் பாலும் வீணாய்ப் போயிற்று. இரண்டு நாள் கழித்து டேங்கர் ஓட்டுகிற தமாட்டி, புகை போட்ட மீனைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்க மட்டும் கூப்பிடலேன்னா தொழிற்சாலைத் தொட்டி மொத்தமும் நாசமாயிருக்கும். உங்கள மாதிரி யாரும் உடனே சொல்றதில்ல. யோசிச்சு, பொண்டாட்டிகிட்ட கேட்டு, டீ குடிச்சுட்டுத்தான் சொல்லுவானுங்க."

"சொல்லாம என்ன பண்றது தமாட்டி?" என்றாள் அவள். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை இன்ஷூரன்ஸ்காரரோடு பேசும்வரைதான். மற்ற நான்கு பண்ணைகளின் பாலுக்கும் அவள்தான் ஈடு கொடுக்க வேண்டும், அது தெரிந்ததே. அதற்குத்தானே வருஷக்கணக்காக இன்ஷூரன்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள்? போனில் வந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"மாட்டைப் பிரிக்காம உள்ள விட்டது யாருங்க?"

"கம்ப்யூட்டர்தான். லிஸ்ட் மொத்தமும் காணாமப் போயிடுச்சு."

"அப்ப நாங்க குடுக்க முடியாதுங்களே. கம்ப்யூட்டர்க் கோளாறால வர்ற நஷ்டம் பாலிசில சேராது. நீங்களா கைதவறிக் கலந்திருந்தா தாராளமாக் குடுத்திருப்போம்."

"அப்படின்னா என் தப்புன்னே வெச்சுக்கோங்க. நானே அப்படித்தானே சொன்னேன்."

"இப்பதான் கம்ப்யூட்டர்னு சொன்னீங்களேம்மா," என்றார் அவர்.

சரி, கம்ப்யூட்டர் தப்பு என்றால் கம்ப்யூட்டர்க்காரன் கொடுக்கட்டும். பெவனைக் கூப்பிட்டாள். அவன் தான் வெறும் ஏஜெண்ட் என்றான். ஆக்லாந்தைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு பாட்டு ஓடியது, பிறகு வேறொரு பாட்டு ஓடியது. கடைசியில் நகரத்து நீதிமன்றக் கட்டடத்தின் பின்னறையில், சின்ன வழக்குகளைத் தீர்க்கிற நடுவரிடம் போனாள். வக்கீல்கள் வரக் கூடாத இடம் அது. அதனால் கம்பெனி வக்கீலை அனுப்பவில்லை. ஒப்பந்தப் பிரிவு அம்மா ஒருத்தியைப் போனில் உட்காரவைத்தது. அவளுடைய குரல் மேசை நடுவிலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து தேனாக வந்தது.

"கோளாறு இருந்தது உண்மைதாங்க. அத நாங்க மறுக்கவே இல்ல. மறுநாளே சரி பண்ணிட்டோம்."

"மறுநாளாம்!" என்றான் நெவில். "வீடு எரிஞ்சப்புறம் தண்ணி கொண்டாந்தாராம்."

நடுவர் ஜலதோஷம் பிடித்த நடுவயதுப் பெண். நெவிலைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, "மேல சொல்லுங்க," என்றார்.

"ஒப்பந்தத்துல தெளிவா இருக்குங்க. தொழிலுக்காக வாங்கறவங்களுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. பால் கெட்டாலோ, கால்நடைக்கு ஏதாவது ஆனாலோ, வருமானம் போனாலோ கம்பெனி பொறுப்பில்ல. எங்க பொறுப்பு அதிகபட்சம் அந்த மாசத்துச் சந்தா. அவ்வளவுதாங்க."

"அத நான் அமுக்கவே இல்லயே!" என்றாள் ரேவின். "அமுக்கினது பெவன்."

"நீங்க சொல்லித்தானே அமுக்கினாரு?" என்று நடுவர் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கொட்டகையில் அன்றைக்கு வேறு சாட்சி யார், முந்நூறு மாடுகளைத் தவிர? ரேவின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

சிவப்புப் பட்டி வேண்டாமென்று பெவன் சொன்னதற்கு அவனையே சாட்சியாக அழைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் பத்து வயதில் பள்ளிக்கூடக் கன்றுப் போட்டிக்கு இழுத்துக்கொண்டு போனது இவள் கொடுத்த கன்றைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "பட்டியப் பத்திப் பேசின மாதிரி ஞாபகம் இல்லைங்க," என்றான்.

"தூக்கிப் போடுங்கன்னியேடா!"

"ஞாபகம் இல்ல ஆன்ட்டி."

அப்படியே அவன் சொல்லியிருந்தாலும், ஏஜெண்ட் வாயால் சொன்னது எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தத்தில் இன்னொரு பக்கம் இருந்ததாம். தேன்குரல் அதையும் படித்துக்காட்டியது. பெவன் பொய் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை, பாவி. சும்மா கெட்ட பேர் வாங்கிக்கொண்டு போனான்.

பிறகுதான் அந்த ஒலிப்பதிவு வந்தது. தொழிற்சாலைக்குப் பேசுகிற எல்லாமே பதிவாகும். தான் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை, நேர்மையாக நடந்துகொண்டாள் என்று காட்டுவதற்காக ரேவினே அதைக் கேட்டு வாங்கித் தன் காகிதங்களோடு சேர்த்துக் கொடுத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள்.

"அவங்களே குடுத்ததுதான்," என்றது ஒலிபெருக்கி. "ஒரு தடவ போட்டுக் கேக்கலாமா?"

அறையில் அவள் குரல் ஓடியது. மூச்சிரைப்பு, நாய் குரைக்கிற சத்தம், 'என் கொட்டகை, என் மாடு, என் தப்பு.' தன் குரலை இவ்வளவு கூர்ந்து பலர் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"இதுல கம்ப்யூட்டர்னு ஒரு வார்த்தைகூட வரலைங்களே அம்மா?"

"வண்டிய நிறுத்தறதா, கம்ப்யூட்டரப் பத்திப் பேசிட்டிருக்கறதா?" ரேவின் ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தாள். "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"கோளாறுக்குக் காரணம் இன்னும் தெரியலன்னு சொல்லியிருப்பேங்க," என்றாள் அந்த அம்மா. நிஜமாகவே கேட்ட கேள்விக்கு நிஜமாகவே பதில் சொன்னாள்.

நடுவர் இரண்டு தரம் மூக்கைச் சிந்தினார். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன் என்று சொல்லி ஆரம்பித்தார், அப்போதே நெவில் தொப்பியை எடுத்துக்கொண்டான். இரண்டு வியாபாரிகளுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டது, பாலைக் காக்கும் கடமை கறப்பவருடையது என்று ரேவினே ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆகவே கம்பெனி அந்த ஒரு மாதச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று முடித்தார்.

"மாப்பிள்ளை சீர்வரிசையத் திருப்பிக் குடுத்துட்டான்," என்றான் நெவில், கார் நிறுத்துமிடத்தில்.

ரேவின் சிரிக்கவில்லை. "பொய் சொல்லியிருக்கணும் நெவில். இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட என் தப்புன்னும், தொழிற்சாலைகிட்ட கம்ப்யூட்டர் தப்புன்னும் சொல்லியிருக்கணும். மாத்தி மாத்தி உண்மையச் சொல்லித் தொலச்சிருக்கேன்."

"உனக்குப் பொய் சொல்ல வராதுடி."

"வராதுன்னு என்ன பெருமை? மாடு போகப்போகுது."

அவள் சொன்னபடியே ஆயிற்று. பிப்ரவரியில் ரஸ்ஸல் வந்தார். மனைவி சுட்ட கேக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களக் குத்தம் சொல்லல ரேவின். ஆனா தொழிற்சாலைக் கணக்குல பண்ணை பேர்ல ஒரு கரும்புள்ளி விழுந்துபோச்சு. நானும் என் பக்கத்தப் பாக்கணுமில்லயா?"

"குத்தம் சொல்லிருங்க ரஸ்ஸல். அதாவது நேரா இருக்கும்."

"சேச்சே. உங்க தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா? மெஷின் தப்புதானே." அவர் கேக்கை மேசைமேல் வைத்தார். "அடுத்து வர்றவங்க சின்ன வயசுக்காரங்க. அந்த மென்பொருள் இருக்கற கொட்டகைன்னதும் உடனே சரின்னுட்டாங்க."

நெவில் எழுந்து வெளியே போய்விட்டான். கேக்கை நாய் தின்றது.

அவர்கள் வேறு இடம் தேடாமல் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் இரண்டு பண்ணை, கீழே பாட்டீ பக்கம் ஒன்று. எல்லாரும் டீ கொடுத்தார்கள். எல்லாரும் டேங்கரை நிறுத்தினதைப் பற்றிக் கேட்டு, 'நல்ல காரியம் பண்ணீங்க' என்றார்கள். பிறகு நெவில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவரும் யோசித்துச் சொல்லவில்லை.

மே மாதத் தூறலில், ரஸ்ஸல் பண்ணையிலேயே ஏலம் நடந்தது. ஏலக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது வருஷத்து உழைப்பு முதுகில் வெள்ளை எண் ஒட்டிக்கொண்டு வரிசையாய் நடந்து போயிற்று. ரேவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றும் போகும்போது அதன் தாயின் பேர் அவள் வாயில் வந்து நின்றது.

வைகாட்டோவிலிருந்து வந்த டெர்மட் என்ற நடுவயதுக்காரர் ஒரு சிவலைப் பசுவையே சுற்றிச்சுற்றி வந்தார். நல்ல பசுதான், மந்தையிலேயே அதிகம் கறக்கிறது. ஆனால் அதன் பின் வலது காம்பு வருஷாவருஷம் வசந்தத்தில் கட்டிக்கொள்ளும். தெரிந்து பார்த்துக்கொண்டால் ஒன்றுமில்லை. தெரியாமல் விட்டால் மடி போய்விடும், மாடும் போய்விடும். இதுவரை ரேவின் விற்ற எந்த மாட்டின் குறையையும் வாங்குகிறவர் கேட்டு அவள் சொன்னதில்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

"இவளுக்கு ஏதாவது தொந்தரவு உண்டாங்க?" என்று டெர்மட் அருகில் வந்து கேட்டார். "விற்பனைத் தாளெல்லாம் கிடக்கட்டும். நீங்க வாயால சொன்னாப் போதும். தமாட்டின்னு ஒருத்தரு சொன்னாரு, இந்த ஊர்ல அந்தம்மா சொன்னா எழுதி வாங்கவே வேண்டாம்னு."

ரேவின் பசுவைப் பார்த்தாள். பசு அவளைப் பார்த்துத் தலையை நீட்டியது.

"விற்பனைத் தாள்ல என்ன இருக்கோ அதாங்க," என்றாள்.

"அது போதும்!" என்று சிரித்தபடி அவர் கையை நீட்டினார். குளிரில் அவர் கை சூடாக இருந்தது. அந்தப் பசுவை நல்ல விலைக்கு எடுத்தார். அவளை நம்பி இன்னும் பதினொரு மாடுகளையும் எடுத்தார்.

எல்லாரும் போன பிறகு நெவில் சமையலறையில் டீ ஊற்றி அவள் முன்னால் வைத்தான்.

"அந்தாளுகிட்ட காம்பப் பத்திச் சொன்னியா?"

"தாள்ல இருக்கறபடின்னு சொன்னேன்."

"தாள்ல அது இல்லயே."

"அதப் படிச்சுப் பாத்துக் கேக்க வேண்டியது அவரு பொறுப்பு," என்றாள் ரேவின்.

நெவில் அவளை நிமிர்ந்து பார்த்தான். முப்பது வருஷத்தில் அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை. அவள் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. டெர்மட்டின் லாரி மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தது. சொல்வதற்கு நேரம் நிறைய இருந்தது. லாரி வந்தது, டிரைவர் எண்களைச் சரிபார்த்தார், சிவலைப் பசு மற்றவற்றோடு ஏறிக்கொண்டது. ரேவின் பலகையைத் தூக்கிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.